எல்லாரும் சிரிச்சு முடிய அவள் சிரிச்சாள்

என்ரை ராசா,

இதை நான் போனிலயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அனுப்புற வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் நீ இரண்டு மடங்கு வேகத்தில ஓட விட்டுத்தான் கேக்கிறாய் எண்டு தங்கச்சி காட்டிக் குடுத்திட்டாள். என்ரை குரல் அணில் கத்துற மாதிரிக் கேக்குமாம். சரி, அணில் இந்த முறை எழுதுது. சனிக்கிழமையள் ஹரோவில தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதுக்கு இண்டைக்குத்தான் பலன் எடுக்கப் போறன். நீ தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாத்தான் வாசிப்பாய். எனக்கும் அதுதான் வேணும். ஓடாமல் வாசி.

பயப்பிடாதை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அப்பா சுகம். எனக்கு வழக்கமான முழங்கால் நோ. வாற மாதம் உனக்கும் தாரணிக்கும் கலியாணம், அந்தச் சந்தோசத்தில அதுவும் கொஞ்சம் குறைஞ்சுதான் கிடக்கு. இது போன ஞாயிற்றுக்கிழமை எங்கட முன் அறையில நீங்கள் பாத்த ஒத்திகையைப் பற்றின கடிதம். உன்ரை கூட்டாளியள் வாசிச்சாலும் எனக்கு ஒண்டுமில்லை, வாசிச்சால் நல்லது. ரமணனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆராவது அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, முக்கியமா அவனுக்கு.

எங்கட ஆக்களின்ரை ரிசெப்ஷன் எண்டால், கேக் வெட்டி முடிஞ்சு சாப்பாட்டுக்கு எழும்ப முன்னம், மாப்பிள்ளையின்ரை கூட்டாளியள் ஒரு பகிடி நாடகம் போடாமல் விடமாட்டினம். இப்ப அதுவும் ஒரு சடங்காப் போச்சு. அதுக்காகத்தான் நீங்கள் சோபாவைச் சுவரோட தள்ளிப்போட்டுக் கூத்தடிச்சனீங்கள். நான் குசினியில ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டன். ஒரே கூக்குரல். எட்டிப் பாத்தால், உன்ரை மச்சான் ரமணன் ஹீட்டரில காயப் போட்டிருந்த என்ரை நீலப் பூ நைட்டியை மாட்டிக்கொண்டு, வயித்துக்குள்ள குஷனைச் செருகிக்கொண்டு, தோளில துவாயோட நிக்கிறான். கையில ஒரு பூரிக்கட்டை. அப்பாவா நடிக்கிற பெடியனை அதால அறை முழுக்கத் துரத்தித் துரத்தி அடிக்கிறான். நானும் சிரிச்சன். உண்மையாத்தான் சிரிச்சன், அவன் சரியான கூத்தாடி. பிறகுதான் யோசிச்சன், உந்தப் பூரிக்கட்டை எங்கால வந்தது? எங்கட வீட்டில அப்பிடியொரு சாமான் ஒரு நாளும் இருந்ததில்லை. நாங்கள் பிட்டும் இடியப்பமும் பாணும் திண்டு வளந்த ஆக்கள். பக்கத்து வீட்டுக் குஜராத்தி அன்ரியிட்டைப் போய் இரவல் வாங்கிக்கொண்டு வந்தவனாம். அட கடவுளே! என்னை நடிச்சுக் காட்டுறதுக்கு அடுத்த வீட்டில சாமான் இரவல் வாங்க வேண்டிக் கிடக்கு. முழு நாடகத்திலயும் எனக்கு அதுதான் ஆகப் பெரிய பகிடி.

கடைசிக் கட்டத்தில ரமணன் நைட்டியைக் கழட்டி, தாரணியா நடிக்கிற அந்த மெலிஞ்ச பெடியனுக்குப் போட்டுவிட்டான். பூரிக்கட்டையையும் கையில குடுத்து, "மருமோளே, இனி இது உன்ரை பொறுப்பு" எண்டான். அந்தப் பெடியன் உடன குரலை மாத்தி, "எங்க சுத்திப்போட்டு வாறியள்?" எண்டு உன்னைப் பாத்துக் கத்த, நீ கதிரைக்குப் பின்னால ஒளிச்சாய். வீடு இடிஞ்சு விழுமாப்போல சிரிப்பு. தாரணி படிக்கட்டில தட்டோட இருந்தவள். எல்லாரும் சிரிச்சு முடியிற நேரம் அவளும் சிரிச்சாள். நீ திரும்பிப் பாத்தாய், அவள் சிரிக்கிறதைக் கண்டாய், சந்தோசமாத் திரும்பிக்கொண்டாய். அதில உன்னைக் குறை சொல்ல ஒண்டுமில்லை, சிரிக்கிற முகத்தைப் பாத்தால் ஆரும் அப்பிடித்தான் நினைப்பினம். ஆனால் நான் குசினிக் கதவடியில நிண்டதால எனக்கு மற்றதும் தெரிஞ்சுது. அவள் முதல்ல சுத்திவரப் பாத்தவள். எல்லாரும் சிரிக்கினம் எண்டு கண்ட பிறகுதான் சிரிச்சவள். எனக்கு அந்தச் சிரிப்பை நல்லாத் தெரியும். கனகாலம் நானும் அப்பிடித்தான் சிரிச்சனான், எங்கட அந்தச் சோபாவில இருந்து.

வீட்டுக் கூரையில டிஷ் பூட்டின காலம் உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. பகிடி நிகழ்ச்சி எண்டால் அப்பா ஒரு கிழமையும் விடார். மனிசி எண்டால் கத்துவாள். புருஷன் எண்டால் பாவம். அவளின்ரை இட்லி கல்லு, அவளின்ரை சாம்பார் கழனித்தண்ணி. அவள் நகை கேப்பாள், தாய் வீட்டுக்குப் போறன் எண்டு வெருட்டுவாள், அவன் துள்ளிக் குதிப்பான். சிரிக்கிற சத்தத்தையும் அவையே போட்டு விடுவினம், எங்களுக்கு எங்க சிரிக்கிறதெண்டு தெரியாது எண்டு. மாமியார்காறியைப் பேய்ப் படத்துப் பாட்டோடதான் கூட்டிக்கொண்டு வருவினம். இவ்வளவையும் ஒரு ஆம்பிளை சேலை கட்டி வந்து செய்தால் இன்னும் கனக்கச் சிரிப்பு. பகிடி விடுறதும் ஆம்பிளை, பகிடிப்படுற பொம்பிளையும் ஆம்பிளை எண்டால் எங்களுக்கு அங்க என்ன வேலை? தட்டுக் கழுவுறதோ?

சரி, இது எங்கட ஆக்களின்ரை வருத்தமாக்கும் எண்டு நினைச்சு, இங்கிலிஷ் படிக்கிற சாட்டில வெள்ளைக்காரரின்ரை பகிடி நாடகங்களும் பாத்தன். அங்க மனிசி கத்திறேல்லை. வடிவா உடுத்துக்கொண்டு, கதவடியில கையைக் கட்டிக்கொண்டு நிண்டு பெருமூச்சு விடுவா. புருஷன் ஏதோ விசர் வேலை பாத்து வீட்டைத் தண்ணிக்குள்ள விட்டுப்போட்டு நிப்பான். அவ கண்ணை உருட்டுவா. கடைசியில மன்னிப்பா. அவவின்ரை பங்கு அவ்வளவுதான். பகிடியெல்லாம் அவனுக்கு, அவன் பகிடி சொல்லத் தோதாக் கேள்வி கேக்கிறது மட்டும் அவவுக்கு. எனக்கு எப்பவும் ஒரு யோசினை வரும். அந்தக் கதவால உள்ளுக்க வர முன்னம் அவ என்ன செய்துகொண்டு நிண்டவ? அவவுக்கு ஒரு கூட்டாளி இல்லையோ, வேலை வெட்டி இல்லையோ? கமெரா அந்தப் பக்கம் போறதே இல்லை.

நான் அந்தக் கதவுக்கு அங்கால எங்க நிண்டனான் எண்டு சொல்லட்டோ? விமானத்துக்குச் சாப்பாடு அடுக்கிற இடத்தில அம்மா வேலை செய்தவ எண்டு உனக்குத் தெரியும், அதுக்கு மேல தெரியாது. விடிய வெள்ளன ஷிப்ட். குளிர் அறை, தலைக்கு வலை, கைக்கு உறை. பெல்ட்டில தட்டு ஓடி வரும், ஆளுக்கொரு சாமான் வைக்க வேணும். நான் பாண், ஒரு சோமாலி மனிசி பட்டர், ஒரு போலந்துப் பெட்டை சலாட், கடைசியில ஒரு பஞ்சாபி அம்மா மூடி போடுவா. ஒருத்திக்கு மற்றவளின்ரை பாஷை தெரியாது. உடைஞ்ச இங்கிலிஷில நாங்கள் புருஷன்மாரைப் பற்றி விட்ட பகிடியை ஒரு ரீவியும் காட்டாது, காட்டவும் ஏலாது! எங்கட சூப்பர்வைசரின்ரை நடையை நான் நடந்து காட்டினால், பஞ்சாபி அம்மா சிரிப்புத் தாங்காமல் பெல்ட்டை நிப்பாட்டுற சிவப்புப் பொத்தானை அமத்திப்போடுவா. ஓம், உன்ரை அம்மா பெல்ட்டை நிப்பாட்டின ஆள். அந்த அறையில என்னைப் பகிடிக்காறி எண்டுதான் எல்லாருக்கும் தெரியும். பஸ் ஏறி வீட்டை வந்து கதவைத் திறந்தால், சப்பாத்தைக் கழட்ட முதலே, ரீவியில நிக்கிற அந்த மனிசியா மாறிப்போவன்.

அப்பாவைக் குறை சொல்லுறன் எண்டு நினையாதை. எனக்கு வாய்ச்ச மனிசன் நல்ல மனிசன். பெற்றோல் ஸ்டேஷனில தனிய நிண்டு கணக்கு, சாமான், குடிச்சுப்போட்டு வாற வெறிகாரர் எல்லாத்தையும் சமாளிச்சவர். வீட்டை வந்தால் மட்டும் சீனிப் போத்தல் எங்க இருக்கெண்டு தெரியாது. ரீவியில வாற புருஷனுக்கும் தெரியாது, அதால அது பகிடி. எனக்குப் பித்தப்பை ஒப்பரேஷன் செய்து படுத்திருந்த நேரம் ஞாபகம் இருக்கோ? அப்பா மீன் குழம்பு வைச்சவர். பாத்துப் பாத்துப் புளி விட்டு, வெந்தயம் போட்டு, சோக்கான குழம்பு. அதைத் திண்டுபோட்டு நான் படுக்கையில இருந்து அழுதன். நோவில அழுறன் எண்டு நீங்கள் நினைச்சியள். இவ்வளவு காலமும் இந்த மனிசனுக்கு இது தெரிஞ்சிருக்கே எண்ட கோவத்தில அழுதனான், ராசா! நான் எழும்பி நடமாடத் தொடங்கினதும், "இஞ்சேரும், உப்பு எங்க வைச்சிருக்கிறீர்?" எண்டு கேட்டார். ஒண்டும் தெரியாத புருஷன் எண்ட பகிடியில ஆருக்கு லாபம் எண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சு. கோமாளியிட்டை ஒருத்தரும் பாத்திரம் கழுவக் குடுக்கிறேல்லை.

இனிச் சொல்லப்போறது உனக்கு ஞாபகம் இராது. நீ அப்ப சின்னப் பெடியன். சூப்பர்வைசர் வேலைக்குப் பழக்கிறதுக்கு ஒரு வகுப்பு வைச்சவை, சனிக்கிழமை காலமையில. என்னையும் வரச் சொன்னவை. உங்களைத் தமிழ் வகுப்புக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனால் நான் போகலாம். ஓம் எண்டார். முதல் கிழமை நித்திரையாப் போனார். அடுத்த கிழமை மறந்துபோனார். அதுக்கடுத்த கிழமை நான் சப்பாத்தும் போட்டு, பையும் தோளில கொழுவிக்கொண்டு வந்து பாக்கிறன், மூண்டு பேரும் ரீவிக்கு முன்னால. நான் கத்தினன். அண்டைக்கு உண்மையாவே கத்தினனான். பாத்தால், ரீவியிலயும் ஒரு மனிசி நிண்டு கத்துறாள். அப்பா திரும்பாமலே, "பிள்ளையள், இண்டைக்கு வீட்டில ரெண்டு ரீவி ஓடுது" எண்டார். நீயும் தங்கச்சியும் சோபாவில உருண்டு பிரண்டு சிரிச்சியள். நான் உங்களைப் பாத்தன், அவரைப் பாத்தன். பிறகு நானும் சிரிச்சன்.

சிரிச்சாப் பிறகு கோவிக்க ஏலுமே? கோவத்துக்கு நடுவில ஒருக்காச் சிரிச்சால் அதோட அந்தக் கதை சரி. பையை வைச்சுப்போட்டு உங்களைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனன். வேலைப் பழக்கத்துக்கு அந்தப் போலந்துப் பெட்டை போனவள். நல்ல சூப்பர்வைசரா வந்தவள், நான் அவளின்ரை நடையையும் நடந்து காட்டினனான். சின்னப்பிள்ளையள் சிரிச்சதில பிழை பிடிக்க நான் என்ன விசரியே? அப்பா சொன்னது நல்ல பகிடி. நல்ல பகிடியா இருந்ததுதான் கரைச்சல்.

இப்ப தாரணியின்ரை கதைக்கு வாறன். ஒத்திகை முடியத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில பிள்ளைப்பேறு பாக்கிறவள், கத்துற பொம்பிளையளுக்கு நடுவில நிண்டு சத்தம் போடாமல் வேலை செய்து பழகினவள். கோப்பையைக் கழுவிக்கொண்டு மெல்லக் கேட்டாள், "மாமி, நீங்கள் உண்மையாவே இவைக்குக் கத்துவீங்களோ?"

"நான் கத்தி நீ கேட்டனியோ?"

"இல்லை. நானும் கத்திறேல்லை." கழுவின கோப்பையைக் கவிழ்த்து வைச்சாள். பிறகு, "ஆனால் இனி எனக்கு ஒரு நாளைக்குக் கோவம் வந்தால், இவருக்கு இந்த நைட்டிதான் ஞாபகம் வரும், என்ன மாமி?" எண்டாள்.

நான் இவ்வளவு காலமும் சொல்லத் தெரியாமல் இருந்ததை இந்தப் பிள்ளை ஒரு கோப்பை கழுவி முடிக்கிற நேரத்துக்குள்ள சொல்லிப்போட்டாள். அவள் உன்னோட இன்னும் ஒருக்காக்கூடக் கோவிக்கேல்லை. அதுக்குள்ள அவளின்ரை கோவத்துக்கு நீங்கள் உடுப்புத் தைச்சு வைச்சிட்டியள், அதுவும் என்ரை அளவில. இனி அவள் நியாயத்தோட வந்து நிண்டாலும், "ஐயோ, பூரிக்கட்டை வருது" எண்டு நீ ஒரு சொல்லுச் சொன்னால் போதும், அவள் சுத்திவரப் பாத்துப்போட்டுச் சிரிப்பாள். பிறகு பையை வைச்சுப்போட்டு வேறை வேலையைப் பாப்பாள். அது உனக்குத் தெரியக்கூட வராது. எனக்கு அதுதான் பயம்.

"இவருக்குச் சொல்லாதேங்கோ மாமி, ஆசையாச் செய்யினம்" எண்டு சொல்லித்தான் போனவள். அடுத்த நாள் போன் எடுத்துக் கேட்டன், நான் எழுதட்டோ எண்டு. "எழுதுங்கோ. ஆனால் என்னை அழுமூஞ்சியாக் காட்டிப்போடாதேங்கோ" எண்டாள். காட்டமாட்டன், ஏனெண்டால் அண்டைக்குக் குசினியில பிறகு நடந்தது வேறை. "ரமணன் உங்களை நடிச்சது சரியே இல்லை மாமி, நீங்கள் இப்பிடியெல்லோ" எண்டு சொல்லிப்போட்டு நடிக்கத் தொடங்கினாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில போன், ஒரு கையால உப்புப் பாக்கிறது, "எனக்கொண்டும் வேண்டாம் பிள்ளை, நீங்கள் சாப்பிடுங்கோ" எண்டுகொண்டே கண் கடைசி ரோல்ஸில நிக்கிறது, நீ ட்ரெயினில ஏறிட்டன் எண்டு சொல்ல முதலே சோத்தைச் சூடாக்கத் தொடங்கிறது. அது நான்தான்! அசல் நான். சிரிச்சுச் சிரிச்சு, சிங்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். முன் அறையில இருந்து "என்ன அங்க?" எண்டு நீ கத்தினாய், "ஒண்டுமில்லை" எண்டனாங்கள். பெல்ட்டை நிப்பாட்டுற சிவப்புப் பொத்தான் இருந்திருந்தால் அமத்தியிருப்பன். எங்கட வீட்டுக்கு ஒரு பகிடிக்காறி வாறாள், நீ அவளைப் படிக்கட்டில இருத்தி வைச்சிருக்கிறாய், ராசா.

நாடகத்தை விடச் சொல்லி நான் கேக்கேல்லை. சிரிப்பில்லாத கலியாணவீடு ஆருக்கு வேணும்? என்னையும் பகிடி பண்ணுங்கோ, நான் நல்லாத் தாங்குவன். ஆனால் என்னைப் பகிடி பண்ணுங்கோ, ரீவியில பாத்த ஆளை இல்லை. தாரணியிட்டை ஒரு மைக்கைக் குடு. பட்டுச்சேலையோட படத்துக்கு மட்டும் இருத்தி வைக்காமல் அவளும் எழும்பி நிண்டு உன்னை நடிச்சுக் காட்டட்டும். போனைக் காதில வைச்சுக் கதைச்சுக்கொண்டே அந்தப் போனை நீ வீடெல்லாம் தேடின கதை அவளிட்டை இருக்கு, இன்னும் கனக்க இருக்கு, சொல்லிப்போட்டாள். நைட்டியை நான் தோய்ச்சு மடிச்சு உள்ளுக்க வைச்சிட்டன், அது என்ரை. பூரிக்கட்டையையும் திருப்பிக் குடுத்திட்டன். குஜராத்தி அன்ரி பாவம், இவ்வளவு நாளும் போத்தலால சப்பாத்தி உருட்டினவவாம்.

நாடகம் ஒரு பின்னேரத்தோட முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு ஒரு நாள் தாரணி உன்னோட கோவிப்பாள், கட்டாயம் கோவிப்பாள், நீ என்ரை பிள்ளை எண்டாலும் உன்னோட ஆரும் கோவிக்காமல் இருக்க ஏலாது. அண்டைக்கு உன்ரை வாயில ஒரு நல்ல பகிடி வரும். எனக்குத் தெரியும், உனக்கு அப்பாவின்ரை வாய். அதை விழுங்கு, அப்பன். பக்கத்தில போய் இரு. என்ன நடந்தது எண்டு கேள், அவள் சொல்லி முடியுமட்டும் கேள்.

இவ்வளவும் எழுதிப்போட்டு நேற்றுப் பின்னேரம் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். ரீவியை நிப்பாட்டாமல் சத்தத்தை மட்டும் குறைச்சுப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர். மீன் குழம்புக்குச் சிரிச்சார். ரெண்டு ரீவிக்குச் சிரிக்கேல்லை. "நான் அப்பிடிச் சொன்னனானோ?" எண்டார். சொன்னீங்கள் எண்டன். "பிள்ளையள் சிரிச்சதுகளோ?" சிரிச்சதுகள், நானும்தான் எண்டன். எழும்பிப் போய் ரீவியைச் சுவர் சுவிட்சிலயே நிப்பாட்டிப்போட்டு வந்து இருந்தார். "அந்த வகுப்பில என்ன படிப்பிச்சிருப்பினம்?" எண்டு கேட்டார்.

எத்தினை வருஷம் பிந்தின கேள்வி. எனக்கும் வடிவாத் தெரியாது, போகாத வகுப்பைப் பற்றி என்னத்தைச் சொல்ல. ஆனால் வேலையைப் பற்றிச் சொன்னன். குளிர் அறை, சோமாலி மனிசி, பஞ்சாபி அம்மாவின்ரை சிவப்புப் பொத்தான், எல்லாம். எழும்பி, இந்த முழங்காலோட, சூப்பர்வைசரின்ரை நடையையும் நடந்து காட்டினன். அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். "இதை ஏனப்பா எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?" எண்டு கேட்டுக் கண்ணைத் துடைச்சார். கதைச்சுக்கொண்டிருந்ததில என்ரை தேத்தண்ணி ஆறிப்போச்சு. அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டுது, அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டுது. நான் காத்துக்கொண்டிருந்தன். சீனி எங்க எண்டு அவர் கேக்கேல்லை.

உன்ரை அம்மா